உலுக்கியும் ஏழு லிட்டர்தான்

எங்கள் வீட்டுச் சின்னக் கார் வாரம் முழுக்கப் போர்வை போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கும். என் கணவரின் அலுவலகம் நடந்துபோகும் தூரம். அரிமளத்துப் பள்ளியில் டீச்சரான நானோ புதுக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன். லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம் ஆகியும் இதே கதைதான். காரைக் கேட்டால், "ஒன் கையில குடுத்தா பெட்ரோலு தண்ணியா ஓடிரும்" என்பார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஓட்டிப் பாத்துருவோமா? யாரு ஓட்டுனா கம்மியா குடிக்குதோ, அவங்க கையிலதான் சாவி."

சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே ஜெயித்தாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறு அவருடையது. பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு கோட்டைப்பட்டினம் போய் மீன் வாங்கி வந்தோம். பாலம் இறங்கும்போதெல்லாம் நியூட்ரலில் போட்டு, "பாத்தியா, சொட்டுப் பெட்ரோல் செலவில்ல" என்பார். அடுத்த நிமிஷமே வேகத்தடை வரைக்கும் விரட்டிப் போய், பிரேக்கில் ஏறி மிதிப்பார். மிச்சம் பிடித்ததையெல்லாம் அங்கேயே கொட்டினார். திரும்பி வந்து அதே பங்கில் நிரப்பியபோது எட்டு லிட்டருக்கு மேல் போயிற்று.

அடுத்த ஞாயிறு நான். அதே சாலை, அதே மீன் கடை. நியூட்ரல் பக்கமே போகவில்லை. வேகத்தடை தூரத்தில் தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன். வண்டி தானாகத் தளர்ந்துபோய் ஏறி இறங்கும். "மாட்டு வண்டி நம்மள முந்திரும் போல" என்று கிண்டலடித்தவர், அறந்தாங்கி வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்தார்.

பங்கில் மீட்டர் ஏழைத் தொடுவதற்கு முன்பே டேங்க் நிறைந்துவிட்டது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இறங்கிப் பின்னால் போய், புளியமரத்தை உலுக்குவதுபோல் காரை உலுக்கினார். காற்று வெளியேறி இன்னும் கொஞ்சம் பிடிக்குமாம். பெட்ரோல் போட்ட பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

"போதும் சார், வெளிய வழியுது."

மீட்டர் சரியாக ஏழு லிட்டர் காட்டியது. எனக்கு அங்கேயே துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கணும்" என்றார், மூச்சு வாங்க.

"தாராளமா ஓட்டுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வச்சுக்குவோம். அதுவரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கட்டும்."