கறுப்புப் பெயிண்டுக்கு அடியில்

வண்டியின் முன்பக்கத்தை ஒருமுறை அழுத்தி விட்டாலே மெக்கானிக்குக்குக் கோளாறு பிடிபட்டுவிடும். ஷாக் அப்சார்பர் நன்றாக இருந்தால் வண்டி ஒரு தரம் எழும்பி அடங்கும். அக்காவின் எஸ்யூவி நாலு தரம் குதித்தது.

“நான் ரோட்டைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்,” என்றாள் அக்கா. “பள்ளத்துல இறங்கினா பிள்ளைங்களைத் தூக்கிப் போடுது. மூணு மாசம் முன்னாடிதானே உன் மச்சினன் நாலு ஷாக் அப்சார்பரையும் புதுசா மாத்தினான்?”

மச்சினன் பதினோரு வருஷமாகப் பட்டறையில் கூட்டாளி. கூடப்பிறந்த தம்பி இருந்தால்கூட மெக்கானிக் அவ்வளவு நம்பியிருக்க மாட்டார்.

ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரங்களைக் கழற்றினார். நாலு ஷாக் அப்சார்பரும் பளபளவென்று இருந்தன. தின்னரில் நனைத்த துணியால் துடைத்ததும் கறுப்புப் பெயிண்ட் கரைந்து, துருவும் கசிந்த எண்ணெயும் தெரிந்தன.

மச்சினனைக் கூப்பிட்டுத் துணியைக் காட்டினார்.

“இன்னும் யார் வண்டியில இப்படிப் பண்ணியிருக்க?”

“ரெண்டு மூணுதான் மாமா. அக்கா நம்ம மேல நம்பிக்கை வச்சிருக்காங்க, பிரிச்சுப் பார்க்க மாட்டாங்கன்னு நினைச்சேன்.”

“பட்டறைச் சாவியை வச்சுட்டுப் போ,” என்றார்.

சாயங்காலத்துக்குள் புதிய ஷாக் அப்சார்பர்களைத் தானே மாட்டி, அக்காவை உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டினார். வேகத்தடையில் வண்டி அலுங்காமல் ஏறி இறங்கியது. நடந்ததை அப்போதுதான் அவளிடம் சொன்னார்.

“உன் பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லப் போற?”

அவர் பட்டறைக்குத் திரும்பியதும் பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தார்.