புகார் அக்கா வரைபடப் பிரிவுக்குப் போன கதை

பதினோரு வருடம் அவள் முகத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை. குரல் மட்டும் எல்லார் வீட்டுக்கும் போய்வந்தது. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில், ஜன்னல் இல்லாத அறையில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "தண்ணி வரல", "வருது, ஆனா கலங்கலா வருது", "பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி வருது?" என்று ஒரு நாளைக்கு நூறு அழைப்பு. எவ்வளவு திட்டினாலும் அவள் குரல் உயராது. ஊர் அவளுக்கு வைத்த பெயர் புகார் அக்கா.

புகாரைக் கணினியில் பதிந்தால் மற்றவர்களுக்கு வேலை முடிந்தது. அவளுக்கு முடியாது. எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் நின்றது, ஃபிட்டர் எப்போது வால்வை மூடினார், மூடியதும் எந்தெந்த வீட்டிலிருந்து போன் வந்தது என்று தனியாக நோட்டில் எழுதிவைப்பாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. "நாளைக்கு அதே ஆள் கூப்பிட்டா முழிக்கக் கூடாதுல்ல" என்பாள். நோட்டுகள் பதினான்கு ஆயின.

அப்போதுதான் அலுவலகம் பழைய காகித வரைபடங்களைக் கணினிக்கு மாற்றியது. மண்ணுக்கடியில் ஓடும் குழாய்கள் திரையில் நீலக் கோடுகளாயின. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடச் சாலையில் பெரிய குழாய் வெடித்தது. ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அதை நிறுத்தும் வால்வு தபால் நிலைய மூலையில் இருப்பதாகத் திரை காட்டியது. ஃபிட்டரும் ஆட்களும் அங்கே தோண்டினார்கள். மண்தான் வந்தது.

"அக்கா, கடைக்குள்ள தண்ணி வந்துடுச்சு! நோட்டுப்புத்தகம் எல்லாம் மிதக்குது!" என்று ஸ்டேஷனரி கடைக்காரி போனில் அலறினாள்.

அவள் தன் ஏழாவது நோட்டைப் புரட்டினாள். மூன்று வருடத்துக்கு முன் அதே குழாயைப் பழுதுபார்க்கத் தண்ணீரை நிறுத்தியபோது, தபால் நிலையப் பக்கமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. சலவைக் கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு தெருக்கள்தான் கொதித்தெழுந்திருந்தன. அப்படியானால் வால்வு சலவைக் கடைப் பக்கம்தான் இருக்க வேண்டும். மாடிக்கு ஓடினாள்.

"திரையில தெளிவா இருக்கும்மா. நீங்க போய் போனைப் பாருங்க" என்றார் இன்ஜினியர்.

அவள் சண்டை போடவில்லை. கீழே வந்து போனைத்தான் பார்த்தாள். நேராக ஃபிட்டரை அழைத்தாள்.

"அண்ணே, அங்க தோண்டாதீங்க. சலவைக் கடை வாசல்ல பாருங்க."

"மேப்ல அப்படி இல்லையே?"

"மேப் போன மாசம் வந்தது. தண்ணி அம்பது வருஷமா அந்த வழியாத்தான் போகுது."

மறுமுனையில் எதையோ நகர்த்தும் சத்தம். "கிடைச்சிடுச்சு அக்கா! மூடி மேல பூந்தொட்டி வெச்சிருக்காங்க!"

ஐந்து நிமிடத்தில் தண்ணீர் அடங்கியது.

மதியம் தலைமைப் பொறியாளர் கூப்பிட்டு அனுப்பினார். அதிகம் பேசாத பெண்மணி. பதினான்கு நோட்டையும் முகவாய் வரை அடுக்கிச் சுமந்து போனாள் அவள். அவர் அரை மணி நேரம் படித்தார்.

"பாராட்டுக் கடிதம் தரச் சொல்லவா?"

"கடிதம் வேண்டாம் மேடம். வரைபடப் பிரிவுல ஒரு நாற்காலி வேணும்."

கேட்ட பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. அவர் சிரித்துவிட்டார். "கம்ப்யூட்டர்ல வரையத் தெரியுமா?"

"தெரியாது. மூணு மாசம் குடுங்க."

வீட்டில், பேருந்து ஓட்டுநரான கணவர் மாலைச் சமையலை ஏற்றுக்கொண்டார். அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்த்த நாத்தனார் தன் மடிக்கணினியோடு வந்தாள். வாயாடி. "அண்ணி, மவுஸை இப்படி நசுக்காதீங்க, கத்தப் போகுது" என்பாள். ஆனால் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.

மூன்று மாதம் கழித்து வரைபடப் பிரிவுக்கான தேர்வில் ஒரு வார்டு முழுவதையும் அவள் பிசகாமல் வரைந்தாள். ஆனால் எல்லாவற்றையும் குழாய் என்று சேமிப்பதற்குப் பதில் சாலை என்று சேமித்துவிட்டாள். "அம்மா, குழாயை எல்லாம் ரோடாக்கிட்டீங்களே" என்றார் தேர்வாளர். தேர்ச்சி இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் யோசித்தார். "எனக்கு வசதிதான். பஸ்ஸைக் குழாய்க்குள்ள இறக்கிட்டா டிராஃபிக்கே இருக்காது." நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோபமாக இருக்க முயன்ற அவளுக்கும் சிரிப்பு பீறிட்டது. அடுத்த மாதம் மறுபடி எழுதித் தேறினாள்.

புது வேலையில் பாதி நாள் தெருவில்தான். கையில் டேப்லெட், பக்கத்தில் ஃபிட்டர். ஒரு வீட்டு வாசலில், "சார், இங்க வால்வு மூடி ஏதாவது இருக்கா?" என்று கேட்டதும் அந்த வீட்டுப் பெரியவர் திடுக்கிட்டார்.

"இந்தக் குரல்... நீங்க புகார் அக்காதானே? போன்ல உங்களைத் திட்டியிருக்கேன்மா."

"தெரியும் சார். மூணு தடவை."

அவர் வெட்கத்தோடு உள்ளே ஓடி நாற்காலி கொண்டுவந்து போட்டார். பிறகு தானே மண்வெட்டியை எடுத்துச் செடிக்கு அடியில் புதைந்திருந்த மூடியைத் தோண்டிக் காட்டினார்.

நான்கு வருடத்தில் அவள் அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆனாள். அன்று போனைப் பார்க்கச் சொன்ன இன்ஜினியர் இப்போது அவளைக் கேட்டுவிட்டுத்தான் தோண்டுகிறார். புகார்ப் பிரிவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் தேர்வெழுதி அவளிடம் வந்திருக்கிறார்கள்.

போன வாரம் அவளும் அந்த இரண்டு பெண்களும் சந்தைப் பகுதியை அளந்தார்கள். வால்வு மூடி இருக்கும் இடத்தில் ஒரு வெங்காயக்காரி கடை விரித்திருந்தாள். எழுந்திருக்கச் சொன்னதற்கு, "வியாபாரம் முடியட்டும், அவசரம்னா நீங்களும் ரெண்டு கிலோ வாங்குங்க" என்றாள்.

மூவரும் ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கினார்கள்.