புல்லுக்கு உறவு சொல்பவர்

பேருந்து வருகிற நேரத்தில் அந்த அம்மா குந்தி உட்கார்ந்துவிட்டார். நடைபாதைக் கல்லிடுக்கில் தலைநீட்டும் புல்லின் இலையை நகத்தால் கிள்ளி, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட சின்ன உறைக்குள் இடுகிறார். "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்கிறார் பின்னால் நிற்பவர்.

"இல்லீங்க, ஒண்ணு கெடைச்சிருக்கு."

ஆய்வுக்கூடத்தில் இவர் பெயர் புல்லம்மா. இலையை அரைத்து, மரபணுவைப் பிரித்துப் படித்து, எந்தப் புல்லுக்கு எந்தப் புல் சொந்தம் என்று கண்டுபிடிப்பது வேலை. சோளமும் கரும்பும் நெருங்கின பங்காளிகள், நெல்லுக்கு மூங்கில் கொஞ்சம் தூரத்துச் சொந்தம் என்று கல்யாணத் தரகர் மாதிரி அடுக்குவார். "ஊரெல்லாம் ஆபீஸ் போகுது, எங்கக்கா புல்லு புடுங்கப் போகுது" என்பான் தம்பி. "நீ புடுங்குறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்டா" என்று சிரிக்காமல் பதில் வரும்.

இளவயதில் இவருக்குப் பேர் வாங்கித் தந்தவை இரண்டு புற்கள். ஒன்று கடலோரத்தது, மற்றது பொட்டல்காட்டில் வளர்வது. ஒரே மாதிரிக் கதிர், ஒரே மாதிரி முள். உருவத்தைப் பார்த்து, இரண்டும் அக்கா தங்கை என்று ஒரே பேரினப் பெயர் சூட்டினார். பாடநூல்களும் அப்படியே எடுத்துக்கொண்டன. போன மாதம்தான் அவற்றின் மரபணு முழுசாகக் கைக்கு வந்தது. கருவியை ஓட்டும் சகா முடிவுத் தாளை நீட்டினார்; இரண்டும் சொந்தம் என்று அதில் வரவில்லை.

"சாம்பிள் மாறியிருக்கும் மேடம். இத விட்டுடலாமே."

"நமக்குப் பிடிச்சா சரியான சாம்பிள், பிடிக்கலைன்னா மாறிப்போச்சா? புது இலை எடுங்க."

புது இலையும் அதையே சொன்னது. அக்கா தங்கையாவது, ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை. உப்பும் வறட்சியும் இரண்டு வேறு வீட்டுப் பிள்ளைகளை வாட்டி வதக்கி ஒரே சாடைக்குக் கொண்டுவந்திருந்தன.

அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. நேரே சகாவின் மேசைக்கு வந்தார்.

"முகச்சாடைய நம்பி மோசம் போயிட்டேன். நான் சொன்னது தப்புன்னு கட்டுரைய நானே எழுதுறேன்."

"யாரும் கேக்கப் போறதில்லையே மேடம்."

"அதனாலதான் நான் சொல்லணும்."

கட்டுரை வெளியான அன்று, உலர்ந்த செடிகளை வைத்திருக்கும் அறைக்குப் போனார். பொட்டல்காட்டுப் புல் ஒட்டிய அட்டையின் மூலையில், அந்தக் காலத்து எழுத்தில், இவர் சூட்டிய பெயர்ச்சீட்டு. புதுச் சீட்டு எழுதிப் பின்புறம் பசை தடவினார்.

"பழசு மேலயே ஒட்டிடட்டுமா, தெரியாமப் போயிடும்" என்று கைநீட்டினார் அறைப் பொறுப்பாளர்.

புல்லம்மா சீட்டைக் கொடுக்கவில்லை. பழைய சீட்டின் ஒரு எழுத்தும் மறையாதபடி, அதற்கு நேர் கீழே வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.