நெஞ்சில் படிந்த சுண்ணாம்பு

வெற்றிலைப் பெட்டி முதலில் சுவரில் மோதியது. பிறகுதான் சாக்கடையில் விழுந்தது.

"இருபத்தாறு வருசமா மடிச்சு மடிச்சுக் குடுத்தியே. நெஞ்சுக்குள்ள சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்க," என்றான் சன்னாசி.

"நானா தொண்டைக்குள்ள தள்ளுனேன்? நீங்கதானே கைய நீட்டுவீங்க," என்றாள் அவன் மனைவி இருளாயி.

அன்று காலை ஈப்போவில் ஒரு கிளினிக்கில் அவனை, நெஞ்சு அசைவதைத் திரையில் காட்டும் எக்ஸ்ரேயின் முன் நிறுத்தினார்கள். நுரையீரலில் தூசு இருக்கிறதா என்று பார்க்க, அவன் சுண்ணாம்புக்கல் உடைக்கும் கல்மலைக் கம்பெனி அனுப்பியிருந்தது. தூசு அதிகமில்லை. இதயம் துடிக்கும்போது அதன் ரத்தக்குழாயில் வெள்ளைக் கோடுகள் சேர்ந்து அசைந்தன. டாக்டர் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசி, ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். கூடப் போயிருந்த கம்பெனிக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரரான கிராணி மயில்வாகனம், அதைச் சுருக்கமாகத் தமிழில் சொன்னார்.

"இருதயக் குழாயில சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. வெத்திலையை விடு."

கல்மலையால் வந்ததில்லை என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

சன்னாசிக்குத் தெரிந்த சுண்ணாம்பு இரண்டுதான். ஒன்று அவன் உடைத்த மலை. இன்னொன்று இருளாயியின் விரல் நுனி. மலையைக் குற்றம் சொன்னால் வேலை போகும்.

பதினான்கு வயதில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டத் தொடங்கியவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரனுக்குக் கல்மலைதான் கிடைத்தது. எக்ஸ்ரே எடுத்தபோது வயது ஐம்பத்தொன்று.

வெற்றிலையை விட்டான். பாலிலும் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்று யாரோ சொல்ல, பாலையும் விட்டான். வாய் சும்மா இருக்கவில்லை. சிகரெட் இரண்டு மடங்கானது. கடிதம் அலமாரியில் கிடந்தது. வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டுக் காளியம்மா இருளாயிக்கு, "புருசனுக்குச் சுண்ணாம்பு பூசுனவ" என்று பேர் வைத்தாள்.

எட்டாம் மாதம், கல்மலைப் படிகளில் ஏறும்போது நெஞ்சு இறுகியது. நின்றால் விட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"எதுக்கு? எட்டு மாசமா ஒரு வெத்தல தொடல. இந்நேரம் கரைஞ்சிருக்கும்லா."

"நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே."

"வாயு. நீ வாய மூடு."

ஞாயிறு மதியம் சோற்றில் கை வைத்தவன் அப்படியே சாய்ந்தான். ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை என்று எழுதினார்கள்.

இருளாயி கொண்டுபோயிருந்த கடிதத்தை நர்ஸ் நவமணி படித்தாள்.

"சிகரெட்ட அன்னைக்கே நிறுத்தணும்னு எழுதியிருக்கேக்கா. பிரஷர் மாத்திரை சாப்பிடணும். நெஞ்சு இறுகுனா உடனே வரணும்."

"சுண்ணாம்பு?"

"வெத்தலச் சுண்ணாம்பு அங்க போவாது. பாலும் இல்ல, கல்லுத்தூசியும் இல்ல. குழாய்ச் சுவத்துல கொழுப்பு சேர்ந்து பழசான எடத்துல உடம்பே வைக்கிற சுண்ணாம்பு இது. தழும்பு மாதிரி. எதை விட்டாலும் கரையாது. குழாய் கெட்டுப் போயிருக்குன்னு காட்டுற அடையாளம், அவ்வளவுதான்."

"அப்ப நான் வைக்கல."

"இல்லக்கா."

"இத அவரு காதுல சொல்லுங்க."

நவமணி கடிதத்தை மடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் பத்து மணிக்குப் புதைத்தார்கள். கிராணி குடையோடு வந்திருந்தார்.

"டாக்டரு அன்னைக்கு சிகரெட்டப் பத்திச் சொன்னாராய்யா?" என்று இருளாயி கேட்டாள்.

"ஓம், என்னவோ சொன்னவர். எனக்கு இப்ப ஞாபகமில்லை."

சவப்பெட்டி தூக்கிய நான்கு பேருக்கும் அரைநாள் லீவு என்று சொல்லிவிட்டுப் போனார். பதினொன்றுக்கு மழை பெய்தது. காளியம்மா வீட்டிலிருந்து சோறு வந்தது. நான்கு மணிக்குக் கம்பெனி ஆள் ஒருவன் வந்து, சன்னாசியின் பூட்ஸையும் தலைக்கவசத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டான். செவ்வாய்க்கிழமை வேறு ஆள் சேருகிறான் என்றான்.