அரிக்காத கை

அர்ச்சுனனுக்கு அரிக்கவில்லை என்பதுதான் முதலில் ஊர்ப் பேச்சானது. கண்ணாடி நார் பட்டால் எவனுக்கும் அரிக்கும். மேட்டு வீட்டு ராஜாக்கண்ணு உதவி செய்கிறேன் பேர்வழி என்று வண்டி ஒட்டுக்கு அவன் வாங்கிவந்த வெள்ளை நார்ப் பாயைக் கத்தரிக்க உட்கார்ந்தான். கால் மணி நேரத்தில், பூனைக்காலிக் காய் மேலே கொட்டினவன் மாதிரி எழுந்து ஓடினான். சட்டையைக் கழற்றி எறிந்தான், அடுப்புச் சாம்பலை அள்ளிப் பூசினான், கடைசியில் ஓடைத் தண்ணீரில் போய் விழுந்தான். அர்ச்சுனனோ வெறுங்கையால் அதே நாரைப் பிய்த்துப் பிய்த்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

“யோவ், உனுக்கு இன்னா எருமத் தோலா?” என்று ஈரத்தோடு வந்து கேட்டான் ராஜாக்கண்ணு.

“வேல செய்ற கைடா இது. ஒண்ணும் ஏறாது.”

அதைச் சொன்னபோது வலது கையைத் தூக்கிக் காட்டினான். கொஞ்சம் உரக்கவே சொன்னான். வீட்டுக்குள் சாமை புடைத்துக்கொண்டிருந்த பாஞ்சாலைக்குக் கேட்கட்டும் என்றுதான். இடது முழங்கையில் தனக்கும் அரிப்பு பிடுங்கி எடுத்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. முறத்தின் சத்தம் நிற்கவில்லை. பாஞ்சாலை அவனோடு பேசி நாலு மாதம் ஆகியிருந்தது.

நெல்லிவாசல்நாட்டில், இருபது வீட்டுக்கு ஒரே மோட்டார் சைக்கிள் அவனுடையது. இரண்டு வருசம் புளி விற்ற காசைப் போட்டு, எண்பத்து மூன்றில் வேலூரில் வாங்கிய பழைய வண்டி. முன்விளக்கைச் சுற்றி ஃபைபர் டூம், பின்னால் இரண்டு பக்கமும் ஃபைபர் பெட்டி. வாங்கிவந்த அன்றைக்கு ஊரே சுற்றி நின்று தட்டித் தட்டிப் பார்த்தது. பாஞ்சாலையை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவான். அவள் பின்னால் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொள்வாள். அதற்காகவே வண்டி வாங்கினான் என்று ஊரில் கேலி பேசினார்கள். பொய்யும் இல்லை.

கல்யாணமாகி ஆறு வருசம் கழித்து அவளுக்குக் கரு நின்றது. ஏழாம் மாதம், ஆடியில், ஆஸ்பத்திரியில் காட்டிவர அமிர்திப் பக்கம் இறங்கினார்கள். வளைவில் வண்டி நிற்கவில்லை. பெட்டி பாறையில் மோதித் தெறித்தது, டூம் இரண்டாகப் பிளந்தது. அவனுக்கு முட்டியில் சிராய்ப்பு. அவளுக்குப் பிள்ளை போயிற்று. பொம்பளைப் பிள்ளை என்று சொன்னார்கள்.

“நான் பிரேக் புடிச்சேன். சத்தியமா புடிச்சேன்” என்று அவன் கண்டவனிடமெல்லாம் சொன்னான். எவன் நம்புவான்? கால் பிரேக் தேய்ந்த வண்டி, வலது கை பிரேக்கை நம்பித்தான் ஓட்டினான். அந்தக் கை பிரேக்கின் கம்பியோ நன்றாகத்தான் இருந்தது. மெக்கானிக் பார்த்துச் சொல்லிவிட்டான். அப்புறம் என்ன, பவுசு காட்டிக்கொண்டு போய் மோதிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. பாஞ்சாலையும் அப்படித்தான் நினைத்தாள். தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். கை பட்டுவிடாமல் சொம்பைக் கீழே வைத்து நகர்த்துவாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான், பாவம்.

உடைந்த வண்டி வீட்டுப் பின்னால் சாக்குப் போர்த்தி நின்றது. தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வதை அவன் பார்த்தான். பார்த்துப் பார்த்து அவன் மண்டையில் ஒரு எண்ணம் ஏறியது: இந்த உடைசல் கண்ணில் படாமல் போனால் அவள் மனசு ஆறும், ஒரு வார்த்தையாவது பேசுவாள். பைத்தியக்கார எண்ணம்தான். வேறு எதைச் சரிசெய்வான் அவன்?

கடையில் விட மனசில்லை, தன் கையால் செய்ய வேண்டும். வேலூரில் ஃபைபர் சாமான் விற்கிறவர் ஒரு டின் ரெசின், ஒரு குட்டி பாட்டில் ஹார்ட்னர், நார்ப் பாய், பட்டி, உப்புத்தாள் எல்லாம் கட்டிக் கொடுத்தார். “ரெசின் தேன் மாதிரி இருக்கும். ஹார்ட்னர் சொட்டு சொட்டா வுடுங்க, கலக்குங்க, நாரு மேல பிரஷ்ஷால குத்துங்க. காத்துக் குமிழு நிக்கக் கூடாது. அரை மணியில கல்லாய்டும்” என்றார். இத்தனை சொட்டு என்று பீடிக் கட்டுத் தாளில் எழுதியும் கொடுத்தார்.

முதலில் டூம். பிளவின் உள்பக்கம் நார் வைத்து ரெசின் பூசி ஒட்டினான். வெளிப்பக்கம் பட்டி போட்டு, காய்ந்ததும் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தான். கண்ணுக்குத் தெரியாத மேடெல்லாம் கைக்குத் தெரியும், தடவிப் பாருங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அவன் வலது கையால் தடவினான். வழவழவென்றுதான் இருந்தது. பிரைமர் அடித்து, மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கும் பம்பில் சிவப்புப் பெயிண்டை ஊற்றி அடித்த பிறகு பார்த்தால், ஐயோ, முழுக்கத் திட்டுத் திட்டாகப் பள்ளமும் மேடும். போதாததற்கு எதிர்க் களத்துச் சாமை உமி வேறு பறந்து வந்து ஒட்டிக்கொண்டது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தான். பனியில் பெயிண்ட் வெளுத்தது. மறுபடி சுரண்டினான். நாலாவது தடவை ஒருவாறு வந்தது. டூமைத் திண்ணைக் கல் மேல் வெயிலில் வைத்துவிட்டுக் காத்திருந்தான். பாஞ்சாலை குடத்தோடு வந்தாள், ஒரு நிமிசம் நின்றாள், போய்விட்டாள். அந்த ஒரு நிமிசம் அவனுக்குப் போதுமாயிருந்தது.

பெட்டிக்கு வந்தபோது மார்கழி. அவள் விழுந்த பக்கத்துப் பெட்டி அது. வேலூர் வெயிலுக்குச் சொன்ன கணக்கு மலைக் குளிரில் வேலைக்காகவில்லை. காலையில் பூசியது மறுநாளும் பிசுபிசுவென்றே இருந்தது. ஆத்திரத்தில் அன்றைக்கு ஹார்ட்னரை மூன்று மடங்காக ஊற்றிவிட்டான். பால் பவுடர் டப்பாவில் கலக்கி, டப்பாவை வலது கையில் ஏந்திக்கொண்டு, இடது கையால் பிரஷ்ஷைப் பிடித்துக் குனிந்து குத்த ஆரம்பித்தான். வேலையில் ஆள் மூழ்கிப்போனான். மருந்து மிஞ்சிய கலவை கொதித்து டப்பாவிலிருந்து புகை வந்தது. ஈரப் பனிதான் என்று நினைத்துக்கொண்டான்.

“அய்யய்யோ! டப்பாவ போடுயா! கைய வுடுயா!”

பாஞ்சாலையின் குரல். வாசற்படியில் முறத்தை எறிந்துவிட்டு ஓடிவருகிறாள். அர்ச்சுனனுக்கு வேறு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பேசிவிட்டாள், அவ்வளவுதான். டப்பாவை ஏந்தியபடியே நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அவள் டப்பாவைத் தட்டிவிட்டாள். அவள் விரல் பட்ட மாத்திரத்தில் சுர்ரென்று பொசுங்கியது, உதறிக்கொண்டாள். கீழே விழுந்த டப்பாவுக்குள் ரெசின் பழுப்பேறி, வெடித்து, இன்னும் புகைந்தது. அவன் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். தோல் வெந்து கொப்புளித்திருந்தது.

“வலிக்கலியா?”

“இல்லமே. சொன்னேனே, வேல செய்ற கை.”

அவள் முகம் மாறியதை அவன் பார்த்தான். கோபம் என்று நினைத்துப் பயந்தான். அவள் அவனைக் கல்லில் உட்காரவைத்தாள், தண்ணீர் கொண்டுவந்து கையில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“நாரும் இந்தக் கையில அரிக்கலயா?”

“இல்ல.”

“எத்தினி நாளா இப்டி?”

“யாரு கண்டா. மரத்தாப்ல இருக்கும். மம்முட்டி புடிக்கற கை தானமே.”

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, “அன்னிக்கு பிரேக் புடிச்சியாயா?” என்றாள்.

“புடிச்சேன்னுதான் நெனச்சேன், பாஞ்சால. கை புடிச்சினுதான் இருக்குதுன்னு நெனச்சேன்.”

அவள் அழுதாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதாள். பாஞ்சாலைக்குத் தெரிந்த விசயம் அது. அவள் பிறந்த ஊரில் குப்பம்மாளுக்கு அடுப்புக் கொள்ளி பட்டும் சுடாமல் இருந்ததை வைத்துத்தான், தொழுநோய்க்காரர்களைப் பார்க்க மாதாமாதம் வரும் சுகாதார ஊழியர் அவள் நோயைக் கண்டுபிடித்தார். கண்ணை மூடச் சொல்லிக் கோழி இறகால் அங்கங்கே தொட்டுக் கேட்டதை அவள் நின்று பார்த்திருக்கிறாள். மாத்திரை தின்று குப்பம்மாளுக்கு நோய் போய்விட்டது. மரத்த விரல் மட்டும் மரத்ததுதான்.

“கண்ண மூடுயா” என்றாள். “நான் தொட்டா சொல்லு.”

“இன்னாமே வெளாட்டு?”

“மூடுன்னா மூடேன்.”

முழங்கால் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். விளையாட்டாவது ஒன்றாவது, அவனுக்கு என்ன வந்தது? ஐந்து மாதம் கழித்து அவள் இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மூச்சுகூடக் கேட்கிறது. தன் கையைத் தொடப்போகிறேன் என்கிறாள். சாமை உமியும் வியர்வையும் கலந்த அவள் வாசனை வந்தது. வண்டி, டூம், பெட்டி எல்லாம் வீண் போகவில்லை என்று நினைத்தான். பெட்டியை நாளைக்கு மறுபடி ஒட்டி, பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்துவிட வேண்டும். அவள் ஏற மாட்டாள்தான், பரவாயில்லை, தள்ளிக்கொண்டே அவள்கூட நடப்பான்.

காத்திருந்தான். ரொம்ப நேரம் காத்திருந்தான்.

“தொடேன்மே” என்றான் சிரித்துக்கொண்டு. “எவ்ளோ நேரம் இப்டியே குந்திருக்கறது?”

பொறுக்கமாட்டாமல் கண்ணைத் திறந்தான். பாஞ்சாலை குனிந்து அவன் விரல்களின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தாள். புறங்கை முழுக்க அவள் கண்ணீரில் நனைந்திருந்தது.