செத்த எஞ்சினோடு படுவான்கரைக்கு

செட்டிபாளையத்திலிருந்து பழுகாமத்துக்குப் போவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பஸ் ஏறிக் களுவாஞ்சிக்குடியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டினால் வாவிக்கு மேற்கே படுவான்கரை, அங்கேதான் பழுகாமம். வாயில் போட்ட வெற்றிலை சப்பி முடியுமுன் போய்ச் சேரலாம். எஞ்சின் செத்த என் பிக்கப்போடு அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்தது. எஞ்சின் கிடைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எஞ்சின்கள் கிடைத்தன, நான்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொல்லித் தட்டிக் கழித்தேன்.

ஏன் என்று சொன்னால்தான் இந்தப் பயணம் விளங்கும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆம்பிளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போகிறவன். பழுகாமத்தில் நான் பிறந்த வீடு தங்கச்சி பரமேசுக்குச் சீதனமாகப் போயிற்று. செட்டிபாளையத்தில் நான் வாழ்ந்த வீடு என் மனைவி பூமணியுடையது. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறித் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பூமணியும் இல்லை, மகள் சுதாவும் இல்லை, சுவர்களும் இல்லை. சிவப்புச் சீமெந்துத் தரை மட்டும் கிடந்தது, அதன் நடுவில் முற்றத்தில் நின்ற பிக்கப் ஏறி நின்றது. "இந்தச் சனியனக் கொண்டுபோய் வீட்டு மண்டபத்துக்குள்ளேயே விடுங்களன்" என்று பூமணி என்னை எத்தனையோ நாள் ஏசியிருக்கிறாள். கடல் அதைச் செய்துவிட்டுப் போயிருந்தது.

அந்த வளவு முறைப்படி அவளுடைய தங்கச்சி யோகத்துக்குச் சேர்ந்தது. அதில் ஒரு அநியாயமும் இல்லை. யோகம் எனக்கு மூன்று வேளையும் சோறு போட்டாள், முகம் சுளித்ததில்லை. இரவில் நான் பிக்கப்பின் முன் சீட்டில் படுப்பேன். அது ஓடாத வரைக்கும் அந்தத் தரையில் நிற்கும், அது நிற்கும் வரைக்கும் நானும் அங்கே இருக்கலாம். எனக்கென்று அந்த ஊரில் வேறு பிடி கிடையாது. எஞ்சின் திருத்தினால் என் கதை முடிந்தது.

சண்டை முடிந்து ஒரு வருடமான ஆனி மாதத்தில் யோகம் தேத்தண்ணியோடு வந்து பிக்கப் கதவில் சாய்ந்து நின்றாள்.

"அத்தான், கலாவுக்கு ஆவணியில கலியாணம். அவளுக்கு இந்த இடத்திலதான் வீடு கட்ட வேணும். மேசன் வாற கிழமை வாறார்."

"ம்."

"நான் உங்களப் போகச் சொல்லல்ல. பிக்கப்பைத்தான் சொல்லுறன்."

கலா அவளுடைய மகள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவள், முறைக்கு எனக்கும் மகள்தான். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் எங்கே இருக்கிறது? பழுகாமத்தில் வாகனம் திருத்துகிற, பரமேசின் புருஷன் தவராசாவுக்கு அன்றே போன் எடுத்தேன். அவன் ஏற்கனவே பழைய வான் ஒன்றிலிருந்து கழற்றிய எஞ்சினைப் பார்த்து வைத்திருந்தான். என் பிக்கப்பில் இருப்பதைவிடப் பதினைந்து வருடம் பிந்திய டீசல் எஞ்சின்.

*திங்கள், காலை*

இழுத்துப் போக ஒரு ட்ரக்டர் பிடித்தேன், கூலி ஆயிரத்து ஐந்நூறு. காற்றுப் போன நாலு டயருக்கும் காற்றடித்து, இறுகிப் போன பிரேக்கைத் தட்டி இளக்கி, சங்கிலி மாட்டினோம். யோகம் நாலு தேசிக்காயோடு வந்து சில்லுகளுக்கு முன்னால் வைத்தாள்.

"ஓடாத வண்டிக்கு என்னத்துக்குப் புள்ள தேசிக்காய்?"

"நகருதல்லோ, அது போதும்" என்றாள்.

தேசிக்காய்கள் நசுங்கின. பிக்கப் தரையிலிருந்து மணலுக்கு இறங்கியபோது முன்பக்கம் ஒருமுறை குத்தி எழும்பியது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். நாலு சில்லு நின்ற இடத்திலும் சிவப்பு மங்காமல் பளபளவென்றிருந்தது. மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

இழுபட்டுப் போகும் வண்டியில் ஸ்டியரிங் பிடித்திருப்பவனுக்குப் பேச்சுத் துணை கிடையாது. ட்ரக்டர்காரனின் முதுகு மட்டும் தெரியும். வேகம் அவனுடையது, திருப்பம் அவனுடையது, உனக்கென்று இருப்பது பிரேக் மட்டும். அதையும் கண்டபடி மிதித்தால் சங்கிலி அறும். தேற்றாத்தீவு, களுதாவளை என்று தெரிந்த ஊர்கள் தாண்டின. தெரிந்த முகங்கள் கை காட்டின. கடைக்காரர் ஒருவர், "என்ன, கடைசியா வெளிக்கிட்டாச்சோ!" என்று சிரித்தார். அவருக்கு என்ன, சிரிப்பார்.

பட்டிருப்புப் பாலத்தடியில் ஒரு சிப்பாய் மறித்தான். சண்டைக் காலமென்றால் இந்த இடத்தில் இறங்கி, நடந்து, பை திறந்து, இந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் பதில் சொல்லி, அரை நாள் போய்விடும். இப்போது அவன் பொனட்டைத் திறக்கச் சொன்னான். துருப்பிடித்த எஞ்சினைக் குனிந்து பார்த்து, "இது செத்தது" என்று தமிழில் சொன்னான். "ஓம் தம்பி" என்றேன். போகலாம் என்று கையைக் காட்டினான்.

பாலத்தில் நல்ல காற்று. கீழே இரண்டு தோணிகள், தூரத்தில் நீர்க்காகங்கள். அந்தப் பக்கம் இறங்கியதும் வயல் வட்டைகளில் சிறுபோக வேளாண்மை பச்சையாக நின்றது. நான் பிறந்த பக்கம் இது. ஆனாலும் வீட்டுக்கு வருகிற மனம் வரவில்லை.

*திங்கள், பின்னேரம்*

தவராசா வேலை செய்வது தங்கச்சி வளவின் புளியமரத்துக்குக் கீழே. தடித்த கொப்பில் எஞ்சின் தூக்கும் செயின் புளொக் தொங்கும். வேலை செய்யும்போது பேசாமல் இருக்க அவனால் முடியாது. பழைய எஞ்சினைத் தூக்கி வெளியே எடுத்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"மச்சான், இதக் கழுவினது ஆர்?"

"நாங்கதான். கடல் வந்த அடுத்த நாளே கழுவினம்."

"என்னத்தால?"

"ஆத்துத் தண்ணியால."

வாவியை எங்கள் ஆட்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். மார்கழி வெள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும், உப்பே இராது. உப்புப் பட்ட எதையும் அந்த மாதத்தில் ஆற்றில் கழுவுவது எங்கள் வழக்கம். கடல் ஆற்றுக்குள்ளும் புகுந்துவிட்டதென்று அன்றைக்கு யாருக்கு யோசனை வந்தது? உப்பை உப்பால் கழுவினோம். கழுவிய பக்கத்து வீட்டு ஆட்களும் தங்கள் வீட்டுப் பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்கள்தான். எனக்கு உதவவென்று அரை மணித்தியாலம் எடுத்து வந்தார்கள். தவராசாவுக்கு இதைச் சொன்னேன். அவன் பழந்துணியை எடுத்து எஞ்சின் இருந்த இடத்தைத் துடைக்கத் தொடங்கினான்.

*செவ்வாய்*

புதிய எஞ்சினைச் சங்கிலியில் மெதுவாக இறக்கினான். முக்கால்வாசி இறங்கியது, பிறகு இறங்கவில்லை. ஆட்டிப் பார்த்தான், மேலே தூக்கித் திருப்பி இறக்கினான். அதே இடத்தில் இடித்து நின்றது. கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான்.

"வான் எஞ்சின்தானே. ஒயில் சட்டியின்ட பள்ளம் பிழையான பக்கத்தில கிடக்கு. முன் குறுக்குச் சட்டத்தில இடிக்குது."

அவன் முகம் தொங்கிப் போயிற்று. தங்கச்சி, "ஐயோ, அண்ணன் எவ்வளவு எதிர்பார்த்து வந்தவர்" என்றாள். எனக்கோ உள்ளுக்குள் பாற்கஞ்சி குடித்த மாதிரி இருந்தது. எஞ்சின் பொருந்தாவிட்டால் திருப்பி இழுத்துக்கொண்டு போகலாம். எங்கே என்று அந்த நேரம் யோசிக்கவில்லை. தரைக்கு, அவ்வளவுதான்.

வழி எனக்குத் தெரியும். இருபது வருடம் அந்த வண்டியை ஓட்டியவன் நான். இரண்டு எஞ்சினும் ஒரே குடும்பம். பழைய எஞ்சினின் சட்டியைக் கழற்றிப் புதியதில் மாட்டினால் அளவாகப் பொருந்தும். வாயைத் திறக்காமல் மரத்தடியில் குந்திக்கொண்டிருந்தேன். மத்தியானம் விரால் மீன் குழம்போடு நன்றாகவே சாப்பிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு தங்கச்சி பக்கத்தில் வந்திருந்தாள்.

"அண்ணன், இஞ்சயே ஒரு பக்கத்தில கொட்டில் போட்டு இரிங்களன்."

"உன்ட வீட்டிலயோ?"

"என்ட வீடெண்டா என்ன? இல்லாட்டி மறுகா ஒரு கலியாணத்தையாவது முடிங்க. போரதீவில ஒரு ஆள் இருக்கா, நல்ல கல்வீடு."

"நல்ல கல்வீடா? அப்ப வீட்டையே முடிக்கிறன், ஆள் எதுக்கு?" என்றேன். அவள் சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். பாவம், அவள் வேறு என்ன சொல்வாள். நான் பிறந்த வீட்டில் எனக்குப் பாய் விரித்துத் தருகிறார்கள், தலையணைக்குப் புது உறை போடுகிறார்கள். விருந்தாளிக்குச் செய்வதெல்லாம் செய்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

பின்னேரம் தவராசா எங்கிருந்தோ ஒரு காஸ் சிலிண்டரையும் வெட்டும் குழாயையும் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தான்.

"என்னத்துக்கு இது?"

"குறுக்குச் சட்டத்தைக் கொஞ்சம் வெட்டுவம் மச்சான். அப்ப எஞ்சின் இருந்திடும்."

சட்டத்தை வெட்டினால் வண்டியின் முதுகெலும்பை வெட்டின மாதிரி. ஓடும்தான், ஆனால் ஒருநாள் சுமையோடு பள்ளத்தில் விழும்போது இரண்டாக மடியும். கடல் தூக்கி அடித்தும் முறியாத வண்டி அது. அவன் நெருப்புப் பெட்டியை எடுத்தான். குழாயில் நீலச் சுடர் சீறியது.

"நிப்பாட்டு!"

நான் போட்ட சத்தத்தில் கோழிகள் சிதறின.

"பழைய சட்டியக் கழட்டி இதில மாட்டு. பொருந்தும்."

தவராசா சுடரை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "காலையில இருந்து இது தெரியுமோ உங்களுக்கு?"

"ஓம்."

ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை. வளவளவென்று பேசுகிறவன், அந்த ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டான். அதற்காக அவனை நான் எப்போதும் மதிப்பேன்.

சட்டியை இரண்டு பேருமாகக் கழற்றினோம். கறுத்த களியோடு ஒரு பிடி கடல் மணலும் அடியில் படிந்திருந்தது. டீசல் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். இம்முறை ஒழுங்காகக் கழுவினேன்.

*வியாழன்*

முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆயிற்று. சத்தம் சீராக, குறையேதும் இல்லாமல். தங்கச்சி கை தட்டினாள். எனக்கு இனி ஒரு சாட்டும் இல்லை. பாசிக்குடாவில் கட்டுகிற ஹோட்டல் ஒன்றுக்கு ஆட்களும் சாமானும் ஏற்றப் பிக்கப் தேடுகிறார்கள் என்று தவராசா முன்பே சொல்லியிருந்தான். நாளைக்கு வருவதாகச் சொல்லச் சொன்னேன்.

*வெள்ளி*

பழுகாமத்திலிருந்து பாசிக்குடாவுக்குப் போகும் வழியில்தான் செட்டிபாளையம். நிற்காமல் போய்விடலாம் என்று பாலம் வரைக்கும் யோசித்தேன். களுவாஞ்சிக்குடியில் டீசல் அடிக்கும்போது மனம் மாறிற்று. மேசன் வந்திருப்பான், தரையை உடைத்திருப்பான். உடைத்த கல்லை எங்கே கொட்டுவார்கள்? ஆற்றங்கரைப் பள்ளத்தில், குப்பையோடு. அதை மட்டும் விட முடியாது. நானே ஏற்றிக்கொண்டு போவேன், எங்கேயாவது சுத்தமான இடத்தில் இறக்குவேன். பாசிக்குடாவுக்குப் பிந்தினால் பிந்தட்டும்.

நினைத்தபடியே உடைத்துக் குவித்திருந்தார்கள். இடுப்பளவு உயரத்தில் சிவப்புத் துண்டுகள். சுற்றிலும் அத்திவாரக் கிடங்கு, கயிறு, முளை. பிக்கப்பைப் பின்பக்கமாக வளவுக்குள் விட்டு, இறங்கி, ஒருவரிடமும் கேட்காமல் துண்டுகளைத் தூக்கிப் பெட்டியில் போடத் தொடங்கினேன். நாலைந்து போட்டிருப்பேன், யோகம் ஓடி வந்தாள்.

"அத்தான், என்ன செய்யிறீங்க?"

"கொட்டுறதுக்குத்தானே வைச்சிருக்கு. நான் கொண்டு போறன்."

"கொட்டுறதோ? ஆர் சொன்ன? அது அக்காட தரை. கலாட தரைக்குக் கீழ போட்டு இடிச்சு நிரப்புறதுக்கெண்டு வைச்சிருக்கு. வேற கல் ஒண்டும் நான் வாங்கல்ல."

மேசன் தலையை ஆட்டினான். கலா கிடங்கின் அந்தப் பக்கம் கையில் ஒரு வாளியோடு நின்றாள். "பெரியப்பா, ஒரு துண்டும் வெளிய போகாது" என்றாள்.

பெட்டியில் போட்டதை ஒவ்வொன்றாக இறக்கினேன். குவியலில் போடவில்லை, கிடங்குகளைத் தாண்டிப் போய், கலாவின் மண்டபம் வரப்போகும் இடத்தில் வைத்தேன். கடைசித் துண்டை வைத்தபோது அழுகை வந்தது, அழுதேன். யோகமும் அழுதாள். மேசன் பீடி பற்ற வைக்கப் போனான்.

"சாப்பிட்டுப் போங்க" என்றாள். சாப்பிட்டேன். கலியாணத்துக்கு வரவேண்டும் என்றாள். வருவேன் என்றேன். பிறகு அங்கே செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை. வெறும் பெட்டியோடு வெளிக்கிட்டேன்.

காத்தான்குடி நெரிசலில் ஊர்ந்து, ஒற்றை வழிக் கல்லடிப் பாலத்தில் எதிர்ப்பக்க வாகனங்கள் முடியும் வரை காத்திருந்து, ஏறாவூர், செங்கலடி, கிரான் தாண்டினேன். எஞ்சின் மலை ஏறக் கூடியது, பாதையோ தட்டை. சுமையில்லாத பெட்டி ஒவ்வொரு குழியிலும் எகிறியது. பக்கத்துச் சீட்டில் ஒருவருமில்லை. இதுவரைக்கும் இருந்தார்களா என்றால் இல்லைதான், ஆனால் நிற்கும் வண்டியில் அது தெரியவில்லை. வாழைச்சேனையில் ஒரு பிளேன்டீ குடித்தேன், கல்குடாச் சந்தியில் வழி கேட்டேன்.

பாசிக்குடாக் கடல் முழங்காலளவு ஆழத்தில் வெகுதூரம் போகிறது. அலையென்று சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்துக் கடலைப் பார்த்தவனுக்கு இது கடல் என்று நம்பவே கஷ்டம். வேலைத்தளத்து மேற்பார்வையாளர், தொப்பி போட்ட ஒரு திருகோணமலைக்காரர், பிக்கப்பைச் சுற்றி வந்து பார்த்தார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டார். தலையசைத்தார்.

"எந்த ஊர் நீங்க?"

பழுகாமம் என்று சொல்வதுதான் முறை. பெண்சாதி இல்லாதவனுக்குப் பிறந்த ஊர்தான் ஊர்.

"செட்டிபாளையம்" என்றேன்.

"அங்க வீடு இருக்கோ?"

"வீடில்ல ஐயா" என்றேன். "தரை இருக்கு."

அவருக்கு விளங்கவில்லைப் போல. விடிய ஆறு மணிக்கு வாழைச்சேனையில் சீமெந்து ஏற்ற வேண்டும், பிந்தாமல் வாங்க என்றார்.