அண்ணியின் நேர்காணல்

அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, நாற்காலியில் முதுகை ஒட்டாமல் உட்கார்ந்து அவர் என்னை ‘மேடம்’ என்று கூப்பிட்ட மே மாத மதியங்கள்தான். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். அண்ணிக்கு முப்பது வயது. இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் பி.பார்ம் படிப்புக்கு விண்ணப்பித்து, நுழைவுத் தேர்வையும் தாண்டியிருந்தோம். மிச்சம் இருந்தது நேர்காணல். அதற்குத்தான் வீட்டில் இந்த ஒத்திகை. நாத்தனாரும் அண்ணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் வகுப்பு உருப்பட்ட மாதிரிதான் என்று எங்கள் தெருவே கிண்டல் செய்தது. பக்கத்து அறையில் அண்ணன் தறி நெய்துகொண்டிருப்பான். அண்ணி பதில் சொல்ல வாயெடுத்ததும் தறிச் சத்தம் நின்றுவிடும். ஐயா காது கொடுக்கிறாராம். “நீங்க தறியப் பாருங்க” என்று அண்ணி சுவரைப் பார்த்துச் சொல்வார்.

அண்ணி எட்டு வருடமாகப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தார். ஐயம்பேட்டையில் பிறந்த வீட்டில் பன்னிரண்டாவது வரை படித்ததோடு சரி. அந்த வருடம் அடுப்புக்கு மேலே தனிம அட்டவணையை ஒட்டிவைத்து, குழம்பு கொதிக்கிற நேரத்தில் வாய்விட்டுப் படித்தார். என்றாவது சொந்தமாகக் கடை வைக்கத்தான் படிக்கிறார் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒத்திகையை நடத்துபவள் என்கிற மிதப்பு எனக்கு. இணையத்தில் தேடிக் கேள்விகளையும் பதில்களையும் ஒரு நோட்டில் எழுதியிருந்தேன். அண்ணிக்கு ஒரு கட்டளையும் போட்டிருந்தேன்: படிக்காமல் மருந்து எடுத்துக் கொடுப்பது சட்டப்படி தவறு, அதனால் கடையில் சரக்கு அடுக்குகிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். ‘வேலையில் தவறு செய்ததுண்டா’ என்று கேட்டால், எதையும் அதிகக் கவனத்தோடு செய்வதால் சில நேரம் தாமதமாகிவிடும் என்று சொல்ல வேண்டும். என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள். அண்ணி அதை ஒரு வரி பிசகாமல் ஒப்பிப்பார்.

நேர்காணல் அன்று அண்ணியை எனக்கு முன்னால் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார்கள். அண்ணி வர அரை மணி நேரம் ஆயிற்று. கண் சிவந்திருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டார்களாம். என் பதிலை விட்டுவிட்டு, உண்மையில் நடந்ததையே சொன்னாராம்.

மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பது வழக்கம். பெயரும் தேதியும் உள்ள பக்கம் கடையிலேயே தங்கிவிடும். வாங்குகிறவர் கைக்குப் போவது பெரும்பாலும் வெறும் வெள்ளித் தாள். அடுத்த தெருவில் தறி நெய்யும் ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்த மாத்திரை ஐந்து, சர்க்கரை மாத்திரை ஐந்து. இரண்டும் சின்ன வெள்ளை மாத்திரைகள். கூட்ட நேரத்தில் அண்ணி இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் அழுத்த மாத்திரை என்று நினைத்துச் சர்க்கரை மாத்திரையையே இரண்டு வேளையும் விழுங்கி, மூன்றாம் நாள் தறியில் உட்கார்ந்தபடியே மயங்கிச் சரிந்தார். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். தன் தவறு என்று அண்ணிக்குத் தெரியும். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மாத்திரைக்கும் தனிக் கவர், அதன்மேல் பெயர், வேளை என்று எழுதிக் கொடுத்து வந்தார்.

அந்தப் பெரியவர் இப்போது எங்கே மருந்து வாங்குகிறார் என்று ஒரு பேராசிரியை கேட்டாராம். “இன்னும் எங்கிட்டதான் மேடம் வராரு. வேற யார் குடுத்தாலும் வாங்க மாட்டேன்றாரு. அதான் பயமா இருக்குது. அவரு நம்பிக்கினு இருக்கிற அளவுக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தான் படிக்க வந்தேன்” என்று சொல்லியிருக்கிறார் அண்ணி.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டீர்களே என்று பொரிந்தேன். அண்ணி என் துப்பட்டாவைச் சரிசெய்து என்னை உள்ளே அனுப்பினார். என்னிடமும் அதே கேள்வி. நான் என் நோட்டுப் பதிலைச் சொன்னேன். பேராசிரியை தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இன்று ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நேர்காணும்போது அந்தக் கேள்வியை நானும் கேட்கிறேன். அதிகக் கவனத்தால் தாமதமாகிறவர்கள்தான் இன்னமும் வருகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும், கூடவே வெட்கமும் வரும். என் அண்ணியைப் போல் துணிச்சல்காரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

அன்றைய நேர்காணல் முடிந்து இரண்டு வாரம் கழித்துத் தேர்வானவர்களின் பட்டியல் வந்தது. அண்ணியின் பெயர் இருந்தது. கொஞ்சம் கீழே என் பெயரும். அண்ணன் இனிப்பு வாங்கக் கிளம்பினான். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனார். வாசலிலேயே நின்று, அன்று தான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னார். பெரியவர் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“தெரியும்மா. அன்னிக்கே டாக்டர் சொல்லிட்டாரு. உங்கிட்ட சொன்னா நீ கடைய வுட்டு நின்னுடுவியே, அப்புறம் நான் யார்கிட்ட போறதுன்னுதான் சொல்லல.”

அண்ணி அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார்.